பதினோரு வீட்டுக்கு ஒரு நம்பர்

சூரமங்கலத்தில் பெரியம்மா வீட்டில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. ரயில்வே குவார்ட்டர்ஸின் முன்னறையில், டிவிக்குப் பக்கத்தில், பூப்போட்ட உறை தைத்து மூடி வைத்திருப்பார்கள். அந்த வீட்டில் எனக்குப் பிடிக்காத பொருள் அது ஒன்றுதான். 

காரணம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்த வருடம் பெரியம்மா மகளும் நானும் ஒரே உதவித்தொகைக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தோம். மார்க்கை வைத்துத் தருவது. அவளைவிட எனக்கு ஆறு மார்க் அதிகம். அவளுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. அந்தப் பணத்தோடு பெரியப்பா கொஞ்சம் போட்டு இந்தப் பிரிண்டரை வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து பொங்கலுக்குப் போனாலும் காதுகுத்துக்குப் போனாலும் அது உறைக்குள் உட்கார்ந்து என்னைப் பார்க்கும்.

அவள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். 'அக்கான்னு கூப்பிடு' என்று அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். நான் 'ஏய்' என்றுதான் கூப்பிடுவேன். மூன்று மாதத்துக்கெல்லாம் ஒரு மரியாதையா?

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்து பொறியியல் கவுன்சிலிங்குக்கு இருவரும் பதிவு செய்திருந்த சமயம். ஒரு புதன்கிழமை காலை அவளிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. முதல் பட்டதாரி சான்றிதழ். குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்காத வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்குத் தாசில்தார் அலுவலகம் தருவது. அது இருந்தால் கல்விக் கட்டணத்தில் பெரிய சலுகை உண்டு. கீழே எழுதியிருந்தாள்: 'வந்துடுச்சு. நாலே நாள். கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லை.'

கட்டிலை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம்.

பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் பெயர், பெரியப்பா பெயர், கீழே கட்டம் கட்டமாக ஒரு குறியீடு. குறை கண்டுபிடிக்கலாம் என்று எழுத்து எழுத்தாகப் படித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அதற்குள் அடுத்த செய்தி வந்தது.

'உனக்கு ஆயிடுச்சா? இல்லைன்னா டீட்டெயில் அனுப்பு, நானே போட்டுத் தரேன்.'

'எனக்கும் போட்டாச்சு' என்று அடித்து அனுப்பினேன். பொய். அவள் பிரிண்டரிலிருந்து எனக்கு ஒரு தாளும் வர வேண்டாம் என்று இருந்தது.

அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரியும். அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் போர்வண்டியில் வேலை. வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்காவது ஒரு காட்டில் இருப்பார். ரிசல்ட் வந்த அன்றைக்கே போனில் சொல்லியிருந்தார்: "அந்தச் சலுகை வந்தா கம்ப்யூட்டர் இஞ்சினியரு. வராட்டி பக்கத்துல இருக்கற ஆர்ட்ஸ் காலேஜ்ல ஏதாச்சும் படி சாமி, என்ன?" நான் சரி என்று சொல்லிவிட்டேன். சரி இல்லை. அவள் கம்ப்யூட்டர் படிக்க, நான் ஏதாச்சும் படிப்பதா? கவுன்சிலிங் இணையதளத்தில் சான்றிதழை ஏற்ற வேண்டிய கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை.

என்னைக் கையாலாகாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் லைன் வீடுகளில் கேஸ் சிலிண்டர் பதிவது, ரேஷன் கடை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது, யார் மகனுக்கு எந்த வேலைக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று தேடுவதெல்லாம் என் கீறல் விழுந்த போனில்தான் நடக்கும். அன்றைக்கே டிசி, ரேஷன் கார்டு, உறுதிமொழி எல்லாவற்றையும் தயார் செய்து, படமும் எடுத்து வைத்துக்கொண்டு பள்ளிபாளையத்தில் இருக்கும் இ-சேவை மையத்துக்கு ஓடினேன். இந்த இணையதளம் என் போன் திரைக்குள் அடங்காது. பாதிப் பக்கம் வெளியே நிற்கும், கடைசிப் பொத்தான் கண்ணிலேயே படாது. நாலு தடவை முயன்று பார்த்துவிட்டுத்தான் போனேன்.

மையத்து அக்கா மளமளவென்று எல்லாம் அடித்தார். கடைசியில் கேட்டார், "ஓடிபி போயிருக்குதும்மா. சொல்லு."

"எந்த நம்பருக்குங்க்கா?"

திரை முதல் எட்டு எண்களை மறைத்து, கடைசி இரண்டை மட்டும் காட்டியது. அந்த இரண்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேஸ்திரியம்மா நம்பர்.

எங்கள் வீடு தறிப்பட்டறைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் பதினோரு லைன் வீடுகளில் மூன்றாவது. ஆதார் எடுக்க வந்த வருடம், "போன் நம்பர் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார்கள். ஆண்களில் பாதிப் பேர் அப்பாவைப் போல போர்வண்டிக்காரர்கள். மாநிலத்துக்கு ஒரு சிம் போடுவார்கள், அடுத்த மாநிலத்தில் தூக்கிப் போடுவார்கள். எப்போதும் ஒரே நம்பர் வைத்திருந்தது பட்டறை மேஸ்திரியின் மனைவி ஒருவர்தான். "என்ற நம்பரையே குடுத்துக்கங்க, என்ன தேஞ்சா போயிரும்?" என்றாராம். பதினோரு வீடும் கொடுத்தது. அப்புறம் ரேஷன் கார்டு, சாதிச் சான்று, பள்ளிப் பதிவு என்று எது வந்தாலும் அதே நம்பரைத்தான் எழுதினார்கள். இந்தக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எங்கள் லைனில் நாற்பத்துச் சொச்சம் பேருக்கும் ஒரே காது.

மேஸ்திரி தவறிய பிறகு அந்தக் காது மூன்று வருடமாக மோகனூரில், அவர் மகள் வீட்டில் இருந்தது.

அங்கேயே நின்று போன் போட்டேன்.

"ஏனுங்க மேஸ்திரியம்மா, நான் பள்ளிபாளையத்துல இருந்து பேசறனுங்க. மூணாவது ஊடு."

"ஆரு, போர்வண்டிக்காரரு புள்ளையா? சோறு உண்டாச்சா சாமி?"

"ஆச்சுங்க. உங்க போனுக்கு இப்ப ஆறு நம்பர் வந்திருக்கும். அதக் கொஞ்சம் சொல்லுங்க."

"வேற என்ன வேணும்னாலும் கேளு, அது மட்டும் கேக்காத. ஆருக்கும் சொல்லக்கூடாதுன்னு போனுலயே படிச்சுப் படிச்சுச் சொல்றாங்க. என்ற மருமவன் ஒருத்தன்கிட்டச் சொல்லிப்போட்டு இன்னும் தலையில கைய வெச்சுட்டு உக்காந்திருக்கறாரு."

"நான்தானுங்களே கேக்கறேன்!"

"அவனும் 'நான்தானுங்க'ன்னுதான் சாமி சொன்னான்."

"நேருல வா. மூஞ்சியப் பாத்தாச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். நம்பரை மாற்றிவிடலாமே என்று மையத்து அக்காவைக் கேட்டேன். "மாத்தலாம். அதுக்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகும்" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த நிமிடம் சூரமங்கலத்துக் கட்டில்தான் கண்ணுக்குள் வந்தது. தலையணைக்குப் பக்கத்தில் அவள் போன், அவள் பெயரில் அவள் நம்பர், டிங் என்று வந்து விழும் ஆறு எண்கள். கை நீட்டினால் போதும் அவளுக்கு.

வீட்டில் அம்மாதான் வழி சொன்னாள். ஓடிபிக்கு ஆயுள் பத்து நிமிடம். மோகனூர் இரண்டு பஸ் பிடித்துப் போகிற தூரம். ஆகையால் நான் மோகனூரில் போன் பக்கத்தில் உட்கார வேண்டும், அம்மா பள்ளிபாளையத்தில் மையத்து அக்கா பக்கத்தில் நிற்க வேண்டும்.

"வர்ற திங்கக்கிழமை ஷட்டவுன். தறி ஓடாது, நான் சும்மாத்தான் இருப்பேன். அன்னிக்கே வெச்சுக்கலாம்" என்றாள்.

மாதத்தில் ஒருநாள் பராமரிப்பு வேலைக்காகக் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை எங்கள் பகுதியில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். ஊருக்கு அது தொந்தரவு. தறிக்காரர்களுக்கு அதுதான் லீவு. ஆஸ்பத்திரிக்குப் போவது, பொண்ணு பார்க்கப் போவது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடுவது எல்லாமே எங்கள் லைனில் ஷட்டவுன் நாளில்தான். ஆகவே நானும் பிரமாதம் என்றேன்.

திங்கட்கிழமை காலையிலேயே கிளம்பி, திருச்செங்கோடு வழியாகப் போய், பரமத்தி வேலூரில் பஸ் மாறி மோகனூர் போய்ச் சேரும்போது மணி பத்தரை. கரும்புக் காட்டை ஒட்டின வீடு. மேஸ்திரியம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "உங்கொப்பன் மூக்கேதான். வா, சோறு உண்ணு."

"முதல்ல போனுங்க."

பட்டன் போன். சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான ஜன்னல் கட்டையில் சுண்ணாம்பு டப்பாவுக்கும் சீப்புக்கும் நடுவில் இருந்தது. என் போனில் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அனுப்பிட்டாங்களாம் கண்ணு. வந்துச்சா?"

"இல்ல."

"மறுக்கா அனுப்பறாங்களாம்."

அதுவும் வரவில்லை. அம்மா பேசும்போது பின்னால் கீ, கீ என்று ஏதோ விட்டு விட்டுக் கத்தியது.

"அது என்னம்மா சத்தம்?"

"தெரியல. மேசைக்கு அடியில ஒரு பொட்டி கத்துது."

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. என் கண்ணெல்லாம் கையில் இருந்த பட்டன் போனில். மேல் மூலையில் ஒரு தபால் உறைப் படம் மின்னி மின்னி அணைந்தது. மெசேஜ் பெட்டி நிரம்பிவிட்டது. இனி ஒன்றை அழித்தால்தான் இன்னொன்று உள்ளே வரும். எத்தனை நாளாக இப்படியோ.

"எல்லாத்தையும் அழிச்சுரட்டுங்களா?"

மேஸ்திரியம்மா பதறிவிட்டார். "ஐயோ, வேண்டாஞ் சாமி! அதுல அல்லாரு ஊட்டுக் காயிதமும் இருக்குது. எனக்குப் படிக்கத் தெரியாது. எது எவருதுன்னு கண்டேன்? ஒண்ணக்கூட நான் தொட்டதில்ல. உங்க ஊட்டுது எதுவோ அத மட்டும் அழிச்சுக்க."

அவர் சொன்னதும் நியாயம்தான். ஒவ்வொன்றாகத் திறந்தேன். இரண்டாம் வீட்டுக்கு அரிசி வழங்கப்பட்டது. ஏழாம் வீட்டுத் தாத்தாவின் ஓய்வூதிய மனு நிலுவையில் உள்ளது. பத்தாம் வீட்டு அக்காவின் பிரசவ உதவிக்கு வங்கிக் கணக்கு பொருந்தவில்லை, சரிசெய்யவும். அந்தக் குழந்தை இப்போது பால்வாடிக்குப் போகிறது. பதினோரு வீட்டுக்கும் அரசாங்கம் பேசின பேச்செல்லாம் சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கிடந்தது.

ரொம்பக் கீழே போன பிறகு என் பெயர் வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு வரி. உங்கள் உதவித்தொகை விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது. மதிப்பெண் பட்டியல் தெளிவாக இல்லை. பதினைந்து நாட்களுக்குள் மீண்டும் பதிவேற்றவும்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி.

மறுபடி படித்தேன். என் பெயர்தான். என் பள்ளிக்கூடம்தான். எனக்குக் கொடுக்கவில்லை என்று இரண்டு வருடமாக நான் யார் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன சாமி, உன்றுதா?"

"ஆமாங்க."

"அப்ப அழி."

எங்கள் வீட்டுக்கு என்று அதில் இருந்தது அது ஒன்றுதான். அழிக்கவா என்று போன் ஒருமுறை கேட்டது. அழுத்தினேன். தபால் உறை மின்னுவது நின்றது.

உடனே அம்மாவைக் கூப்பிட்டேன். "இப்ப அனுப்பச் சொல்லும்மா, வெரசா!"

"கம்ப்யூட்டரு அணைஞ்சு போச்சு கண்ணு. அந்தப் பேட்டரிப் பொட்டி கத்திக் கத்தி நின்னுபோச்சு. இனிக் கரண்டு வந்தாத்தானாம். அஞ்சு மணிக்குத்தான் வரும், அதுக்குள்ள இவுங்க சாத்திருவாங்களாம்."

"இன்னிக்கு ஷட்டவுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். தறிக்குத்தான் கரண்டு இல்லன்னு நெனச்சேன்."

திட்ட வாயெடுத்தேன். எனக்கும் தோன்றவில்லையே. இ-சேவை மையமும் எங்கள் தறியும் ஒரே கம்பத்தில்தான் தொங்குகின்றன என்பது, கம்ப்யூட்டர் படிக்கப் போகிறவளுக்கே தெரியவில்லை.

இனி நாளைக்கு என்றால் மறுபடி இரண்டு பஸ். மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மூன்று கை மாற வேண்டும். சூரமங்கலத்துக்கே நாலு நாள். இன்று திங்கள், கடைசி நாள் வெள்ளி. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இன்றைக்கே போனால்தான் வெள்ளிக்கிழமை தொடும்.

ஜன்னலருகே நின்றேன். யாரைக் கூப்பிட வேண்டும் என்பது தெரியும். கையில் போனை வைத்துக்கொண்டு அஞ்சு நிமிடம் கரும்பைப் பார்த்தேன். அப்புறம் அழுத்தினேன்.

"ஏய்."

"சொல்லு."

"நான் அப்ளை பண்ணவே இல்ல."

"தெரியும்."

"எப்படி?"

"பண்ணியிருந்தா முதல்ல ஸ்க்ரீன்ஷாட் போட்டிருப்பியே. நீயாவது சும்மா இருக்கறதாவது."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அஞ்சு நாளாகக் கேட்கவில்லை. அதற்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப நீ உடனே போட்டுத் தரணும். ஓடிபி வர்ற போன் என் கையில இருக்கு."

"போடறேன். அக்கான்னு சொல்லு."

"விளையாடாதடி."

"நான் விளையாடல. லேப்டாப் மூடித்தான் இருக்கு."

மேஸ்திரியம்மா தட்டில் சோறு வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அக்கா."

"கேக்கல."

"அக்கா! போதுமா? சீக்கிரம் தொறந்து தொலை."

படங்களையெல்லாம் கவுன்சிலிங் பாஸ்வேர்டோடு சேர்த்து அனுப்பினேன். அங்கே விசைப்பலகைச் சத்தம் தடதடவென்று கேட்டது. நான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஜன்னல் கட்டையையே பார்த்தேன். பட்டன் போன் ஒருமுறை நடுங்கியது. நான் கை நீட்டுவதற்குள் மேஸ்திரியம்மா எடுத்துக்கொண்டார்.

"என்ற போனு. நாந்தான் சொல்லுவேன்." ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். "ஏஞ் சாமி, அக்கட்டால பேசறது ஆரு?"

"அவளோட அக்காங்க" என்றது சூரமங்கலம்.

"நெசமாவா?" என்று என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க. பெரியம்மா பொண்ணு."

"அக்கான்னாச் செரி." போனைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து, ஒவ்வொரு எண்ணையும் காசைக் கையில் வைப்பது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவருக்கு எழுத்துத்தான் தெரியாது, எண் தெரியும். ஆறாவது எண்ணுக்கு அப்புறம் அங்கே ஒரு பொத்தான் சத்தம் கேட்டது.

"போயிடுச்சு" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு நான் மேஸ்திரியம்மா போட்ட சோற்றை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பத்தாம் வீட்டுப் பிரசவ உதவி, ஏழாம் வீட்டு ஓய்வூதியம் என்று அந்தப் போனில் பாக்கி கிடந்ததையெல்லாம் வீட்டு எண் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன். லைனில் யாரிடம் காட்டினாலும், "இத்தனை நாள் கழிச்சா?" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளே கூப்பிட்டாள். "வந்துடுச்சு. அப்லோடும் பண்ணிட்டேன். காப்பி வேணும்னா வா." மணிக்கொரு தடவை மனு எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அம்மா சாமிக்குச் சூடம் ஏற்றினாள். நான் சூரமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன்.

அவள் உறையைக் கழற்றி மடித்து வைத்தாள். பொத்தானை அழுத்தியதும் பிரிண்டர் முனகிக்கொண்டு எழுந்தது. அவ்வளவு பக்கத்தில் அதை நான் பார்த்ததே இல்லை. மோகனூர் விஷயம் வாய் வரைக்கும் வந்து நின்றது. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். சொல்லிவிட்டேன்.

"உதவித்தொகைக்கு எனக்கு மெசேஜ் வந்திருக்கு. மார்க் ஷீட் தெளிவா இல்லைன்னு. அந்தம்மா போன்ல ரெண்டு வருசமாக் கிடந்திருக்கு."

அவள் திரையிலிருந்து திரும்பினாள். "உனக்குமா?"

"உனக்குமான்னா?"

"எனக்கும் அதேதான் வந்துச்சு. மங்கலா இருக்கு, மறுபடி போடுங்கன்னு. அன்னிக்குச் சாயந்திரமே அப்பா ஆபீஸ்ல ஸ்கேன் பண்ணிக் கொண்டுவந்து போட்டுட்டாரு. பத்து நிமிசம்கூட ஆகல. அதான், வீட்லயே ஸ்கேனரோட ஒண்ணு இருக்கட்டும்னு இதை வாங்கினோம்."

அவள் பாவம், சாதாரணமாகத்தான் சொன்னாள். என் மார்க் ஷீட்டும் மங்கல், அவள் மார்க் ஷீட்டும் மங்கல். அவளுக்கு ஒரு சாயந்திரம். எனக்கு இரண்டு வருடம், இரண்டு பஸ். அவளை வெறுக்க இத்தனை நாள் கையில் வைத்திருந்த காரணம் போய்விட்டது. பொறாமை மட்டும் போகவில்லை. முன்னைவிட நன்றாக, தெளிவாக, எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

பிரிண்டர் என் சான்றிதழை மெதுவாக வெளியே தள்ளியது. தாள் சூடாக இருந்தது. என் பெயர், அப்பா பெயர், கட்டம் கட்டமாகக் குறியீடு.

"இன்னொரு காப்பி வேணுமா?" என்றாள்.

"பத்து போடு."

"பத்தா? எதுக்குடி பத்து?"

"வேணும்க்கா."

அவள் இங்க் தீர்ந்துவிடும் என்று முணுமுணுத்தாள். அவள் பிரிண்டரிலிருந்து ஒரு தாளும் வேண்டாம் என்றிருந்த நான் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொன்றாக வெளியே வர வர, பத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டேன்.